உப்புக்காற்றில் ஒரு 12 அங்குலத் தொலைநோக்கி: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் பெரிய தொலைநோக்கி கட்ட நினைக்கிறவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது படகு கட்டுகிற இடத்தை. எந்த ஆணி எத்தனை மாதம் தாங்கும், எந்தப் பலகை ஊதிப்போகும், பலகையின் வெட்டுவாயை எப்படி அடைக்க வேண்டும் என்பதெல்லாம் மண்டபம், பாம்பன் பக்கத்துப் படகுத் தச்சர்களுக்கு அத்துபடி. இணையத்தில் கிடைக்கும் தொலைநோக்கி வரைபடங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் போட்டவை. ஆடி (ஒளியைத் திரட்டிக் குவிக்கும் குழிந்த கண்ணாடி) குளிர எவ்வளவு நேரமாகும் என்பது அவர்கள் கவலை. நம் கவலை உப்பு. ஆடியின் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பெட்டி, திருகு, மேல்பூச்சு, பாதுகாக்கும் முறை ஆகியவற்றை மட்டும் படகு கட்டுகிற மாதிரி யோசித்துச் செய்ய வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பதும் பெரிது. ராமேசுவரம் வடக்கு அட்சம் 9.3 பாகையில் இருக்கிறது. ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து தெற்கே 33 பாகை உயரத்துக்கு வருகிறது. ஈட்டா கரினே நெபுலா என்னும் வாயு மேகமும் தென்சிலுவையும் 21 பாகை வரை ஏறும். நம் பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகம்கூட 11 பாகை எழுகிறது. ஐரோப்பாவில் எத்தனை பெரிய கருவி வைத்திருந்தாலும் அதை வீட்டிலிருந்து பார்க்க வழியில்லை.

இங்கே சொல்லப்போவது டாப்சோனியன் வகை. மோட்டார், கனமான இரும்புத் தாங்கி எதுவும் வேண்டாம். பலகைப் பெட்டி, அதில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வழுக்கும் குழல், அவ்வளவுதான். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் 1944 முதல் 1967 வரை சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அந்த வேதாந்த சங்கத்தை 1900இல் தொடங்கிவைத்தவர் விவேகானந்தர். அவரை அமெரிக்கா அனுப்ப உதவியவர்களில் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். திரும்பி வந்தபோது 1897 ஜனவரி 26 அன்று இறங்கியது பாம்பனில். ஆக, டாப்சோனியன் நமக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான்.

எந்த அளவு?

12 அங்குலம், குவிய விகிதம் எஃப் 5 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஆடியின் விட்டம் 305 மி.மீ., குவியத் தொலைவு அதைப் போல ஐந்து மடங்கு, 1525 மி.மீ. இருட்டில் விரிந்த கண்மணி 7 மி.மீ. என்றால், இந்த ஆடி அதைவிடச் சுமார் 1900 மடங்கு ஒளியைத் திரட்டும். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் 25 மி.மீ. போட்டால் 61 மடங்கும் 10 மி.மீ. போட்டால் 152 மடங்கும் பெரிதாகும். தரையில் நின்றபடியே கண் வைக்கலாம், ஏணி தேவையில்லை. 16 அங்குலம் என்று ஆசை வரும். ஆடி, பெட்டி எல்லாம் சேர்ந்து இரண்டு பேர் தூக்க முடியாத எடையாகிவிட்டால், கடற்கரைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே கிடக்கும்.

இதுவரை ஆடியே தேய்த்ததில்லை என்றால் முதலில் 6 அங்குலம் ஒன்றைத் தேய்த்து முடியுங்கள். அந்தக் கைப்பழக்கம் இல்லாமல் 12 அங்குலத்தில் இறங்கினால் பாலிஷ் கட்டத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். தேய்க்கப் பொறுமை இல்லாதவர்கள் தயாராக விற்கும் ஆடியை வாங்கிக்கொண்டு நேராகப் பெட்டி வேலைக்குப் போகலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இன்னொரு விஷயம். கண்ணாடி வாங்கும் முன்பே, தேய்த்து முடித்த ஆடி ஒளியைத் திருப்ப அதன்மேல் அலுமினியப் பூச்சு போட்டுத் தருகிறவரிடம் அவருடைய வெற்றிடக் கலத்தில் 12 அங்குலம் கொள்ளுமா என்று கேட்டுவிடுங்கள். சிறிய கலங்கள் வைத்திருப்பவர்களும் உண்டு.

தேய்த்தல்

போரோசிலிகேட் கண்ணாடி கிடைத்தால் நல்லது, வெப்பத்துக்கு அதிகம் விரியாது. 25 மி.மீ. தடிமனில் வட்டின் எடை சுமார் 4 கிலோ. சாதாரணத் தட்டைக் கண்ணாடியிலும் ஆடி செய்யலாம். ஆனால் அது வெப்பத்துக்குப் போரோசிலிகேட்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் விரியும் என்பதால், சோதனைக்கு முன் கூடுதல் நேரம் ஆறவிட வேண்டும்.

எதிர்த்தேய்ப்புக்கு அதே அளவில் இன்னொரு வட்டு வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் வார்த்து, மேலே சின்னச் சின்னத் தரை டைல்களை எபாக்சியால் ஒட்டினால் போதும். பிளாஸ்டர் தண்ணீர் குடிக்காதபடி முழுக்க எபாக்சி பூசிவிடுங்கள்.

வேலை மேடைக்கு மணல் நிரப்பிய 200 லிட்டர் எண்ணெய் டிரம் மாதிரி வேறொன்று அமையாது. அதைச் சுற்றி நடந்துகொண்டே தேய்க்க வேண்டும். முதலில் வட்டின் விளிம்பைச் சாணைக்கல்லால் 2 மி.மீ. அகலத்துக்குச் சரிவாக மழுக்குங்கள். தேயத்தேய இந்தச் சரிவு குறையும், அப்போதெல்லாம் மறுபடி மழுக்க வேண்டும். கூரான விளிம்பு விட்டால் சில்லு தெறிக்கும். அந்தச் சில்லு ஆடியின் முகத்தைக் கீறிவிடும்.

80ஆம் எண் கார்பரண்டம் தூளை ஒரு சிட்டிகை தூவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆடியை மேலே வைத்துத் தள்ளி இழுங்கள். குழி விழவேண்டிய இந்தக் கட்டத்தில் ஆடியின் நடுப்பகுதி எதிர்வட்டின் ஓரத்தை நெருங்கும்படி பக்கவாட்டாகத் தள்ளலாம். சில தள்ளலுக்கு ஒருமுறை ஆடியைக் கொஞ்சம் திருப்பி, நீங்களும் டிரம்மைச் சுற்றி ஓரடி நகருங்கள். கரகரப்புச் சத்தம் அடங்கிவிட்டால் தூள் செத்துவிட்டது என்று அர்த்தம். புதிதாகப் போடுங்கள். எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும், உலர்ந்த கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நடுவில் எவ்வளவு ஆழம் வேண்டும்? ஆரத்தின் வர்க்கத்தைக் குவியத் தொலைவின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது 3.8 மி.மீ. நேரான இரும்பு அளவுகோலை ஆடியின் குறுக்கே வைத்து, 3.8 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை நடுவில் நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாகப் போனால் ஆழம் வந்துவிட்டது. அதன் பிறகு ஆடி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள சாதாரணத் தள்ளலுக்கு மாறி, 120, 220, 320 என்று ஏறி, கடைசியில் 12 மைக்ரான், 5 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு வரை போக வேண்டும். ஒவ்வொரு கட்ட முடிவிலும் ஆடி முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலைந்து தள்ளல் தேயுங்கள். கோடுகள் நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராக அழிந்தால் இரண்டு வட்டும் ஒட்டி உட்காருகின்றன. முந்தைய தூள் விட்ட குழிகள் ஒன்றும் மிஞ்சவில்லை என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். இதில் அவசரப்பட்டால் பாலிஷின்போது அந்தக் குழி கண்ணில் படும்; திரும்ப இரண்டு கட்டம் கீழே இறங்க வேண்டிவரும்.

220க்குப் பிறகு வேலையை மூடிய அறைக்குள் கொண்டுபோங்கள். கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். காற்றில் வந்த ஒரே ஒரு மணல் போதும், ஆடி முகத்தில் ஆழமான கீறல் விழ. சோளகமும் கச்சானும் (தெற்கு, மேற்குக் காற்றுகள்) வீசுகிற மாதங்களில் கரைப்பக்கத்து வீட்டில் பாலிஷ் வேலையைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் துணி, வாளி, உடுப்பு எல்லாம் மாற்றுங்கள். கழுவுவதற்கு உப்புத்தண்ணீர் பரவாயில்லை, ஆனால் 12 மைக்ரானுக்குக் கீழே வந்துவிட்டால் நல்ல தண்ணீர்தான். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை நம்பாதீர்கள்.

பாலிஷும் சோதனையும்

எதிர்வட்டின் மேல் உருக்கிய கீல் (பிட்ச்) ஊற்றி, இளஞ்சூட்டில் ஆடியை வைத்து அமுக்கி, கத்தியால் சதுரம் சதுரமாக வாய்க்கால் வெட்ட வேண்டும். படகுக்குப் பூசுகிற தாரோ சாலைத் தாரோ இதற்கு ஆகாது, ஒளியியலுக்கென்று விற்கும் கீல் வேண்டும். அதிலும் குளிர்நாட்டு அறைகளுக்கு ஏற்ற மென்மையான வகை, நம் ஊரின் 32, 33 பாகை வெப்பத்தில் வழிந்து வாய்க்கால்களை மூடிவிடும். கடினமான வகையை வாங்குங்கள், அல்லது ரோசின் சேர்த்து உருக்கி இறுக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் மெல்லத் தடம் விழ வேண்டும்; பொசுக்கென்று உள்ளே போனால் மென்மை அதிகம், சில்லாகத் தெறித்தால் கடினம் அதிகம். உருக்குவதை வெளியில், மூடி கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும்.

சீரியம் ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, அதே மூன்றில் ஒரு பங்குத் தள்ளல். வேலை விடியற்காலையில் நடந்தால் நல்லது, அறை வெப்பம் அப்போதுதான் அசையாமல் நிற்கும். பாலிஷ் முழுமையா என்று பார்க்கச் சிவப்பு லேசர் ஒளியை ஆடி முகத்தில் சாய்வாக விடுங்கள். ஒளி படும் இடத்தில் புள்ளி தெரிந்தால் இன்னும் சிறு குழிகள் மிச்சம் இருக்கின்றன. ஓரத்தையும் இப்படியே பாருங்கள், கடைசியில் மெருகேறுவது ஓரம்தான்.

அடுத்தது ஃபூக்கோ சோதனை. 1858இல் லியோன் ஃபூக்கோ சொன்ன இந்த முறைக்கு ஒரு எல்.இ.டி., மெல்லிய பிளவு, ஒரு சவர பிளேடு, மி.மீ.யின் நூறில் ஒரு பங்கை அளக்கும் நகரும் மேடை இவை போதும். ஆடியைச் செங்குத்தாக நிறுத்தி, வளைவு மையத்தில், அதாவது 3050 மி.மீ. தள்ளி பிளேடை வைத்து, திரும்பிவரும் ஒளியைப் பக்கவாட்டில் வெட்ட வேண்டும். ஆடி முகத்தின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். முதல் இலக்கு சரியான கோளவடிவம்: பிளேடு நுழையும்போது முகம் முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாக வேண்டும். அது வந்த பிறகு, ஆடியின் நடுவைக் கூடுதலாகத் தேய்க்கும் நீண்ட தள்ளல்களால் பரவளையமாக மாற்றுகிறோம்.

நடுப்பகுதி வளைவு ஒன்றாக இருக்கும்போது, கோளத்துக்கும் பரவளையத்துக்கும் ஓரத்தில் உள்ள வேறுபாடு சுமார் 2.4 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. பிளவும் பிளேடும் சேர்ந்து நகரும் கருவியில், நடுவுக்கும் ஓரத்துக்கும் வரும் அளவீட்டு வித்தியாசம் 3.8 மி.மீ. இருக்க வேண்டும், பிளவு அசையாமல் பிளேடு மட்டும் நகர்ந்தால் 7.6 மி.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் இதைத் தாண்டிவிட்டால் திரும்பக் கோளத்துக்கு வருவது பெரும்பாடு, ஆகவே கொஞ்சம் குறைவாகவே நிறுத்துவது புத்திசாலித்தனம். கை பட்ட சூடு ஆறாமல் எடுத்த அளவு பொய் சொல்லும். தேய்த்த பிறகு ஆடியை நிறுத்திவைத்து ஓரிரு மணி நேரம் வேறு வேலை பாருங்கள்.

ஆடி முடிந்தால் வெற்றிடத்தில் அலுமினியம் ஏற்ற வேண்டும். அதன் மேல் சிலிக்கான் ஆக்சைடு பாதுகாப்புப் படலம் கட்டாயம் கேளுங்கள். உள்நாட்டில் அது விருப்பப்பட்டால் போடுவது, நமக்கு அது இல்லாமல் முடியாது. வெறும் அலுமினியத்தை உப்பு ஈரம் சீக்கிரம் அரித்துவிடும்.

பெட்டி

பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். ஆடிப்பெட்டிக்கும் அதைத் தாங்கிச் சுழலும் அடித்தொட்டிக்கும் 18 மி.மீ., ஐபீஸ் பக்கத்து மேல்வளையத்துக்கு 12 மி.மீ. வெட்டிய ஒவ்வொரு ஓரத்திலும் துளையிலும் எபாக்சி ஊற வேண்டும். நீர் நுழைவது வெட்டுவாய் வழியாகத்தான். ஃபைபர் படகு போடுகிறவர்களிடம் சொன்னால் பெட்டி முழுவதும் மெல்லிய மேட் வைத்து ரெசின் பூசித் தருவார்கள். எடை கொஞ்சம் கூடும், ஆனால் பல மழைக்காலம் தாங்கும்.

திருகும் நட்டும் 316 தரத் துருப்பிடிக்கா எஃகு. 304 கரையில் பழுப்புக் கறை பிடிக்கும். மண்டபத்தில் துரு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள் என்றால் நம் காற்றின் குணத்தைப் புரிந்துகொள்ளலாம். எஃகுத் திருகு அலுமினியக் குழாயைத் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் கிரீசும் வேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் பேட்டரியாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

ஆடியைத் தாங்கும் தொட்டிலில் ஒன்பது புள்ளிகள்: மூன்று முக்கோணங்கள், ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று வெளியே இரண்டு. புள்ளிகளின் ஆரத்தைக் கணக்கிட பிளாப் என்ற இலவச மென்பொருள் உண்டு. முக்கோணம் ஒவ்வொன்றும் நடுவில் ஒரு திருகின் மேல் ஆடும்படி இருக்க வேண்டும். அந்த மூன்று திருகுகள்தாம் பிறகு ஆடியை நேராக்கவும் உதவும். ஆடி சாயும்போது எடையை ஏற்க, கீழ்விளிம்பில் 90 பாகை இடைவெளியில் இரண்டு முட்டு. மேலே விழாமல் பிடிக்கும் கொக்கிகள் ஆடியைத் தொடவே கூடாது, ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விடுங்கள். இறுக்கினால் ஆடி வளையும், நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.

மேல்வளையத்தில் நின்று ஒளியைப் பக்கவாட்டில் ஐபீசுக்குத் திருப்பும் நீள்வட்டத் துணை ஆடியின் சிறு அச்சு (குறுகிய அகலம்) 63 மி.மீ. இது முதன்மை ஆடிக்கு வரும் ஒளியில் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக மறைக்கும், கவலை வேண்டாம். நான்கு மெல்லிய தகடுகளில் அதைத் தொங்கவிடுங்கள்.

மேல்வளையத்தையும் ஆடிப்பெட்டியையும் இணைக்க 25 மி.மீ. அலுமினியக் குழாய் எட்டு. அனோடைஸ் செய்ததாக இருக்கட்டும். முழு உருளையாகக் கட்டினால் காற்று அதைப் பாய்போலப் பிடித்துக்கொள்ளும், அதனால் இந்தச் சட்டக அமைப்பு நமக்கு நல்லது. கணக்குப்படி வரும் நீளத்தைவிட 30 மி.மீ. கூடுதலாகக் குழாயை வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் பூட்டி நிலாவைப் பார்த்து, ஃபோக்கசர் (ஐபீசை முன்னும் பின்னும் நகர்த்தும் குழாய்) எங்கே தெளிவடைகிறது என்று கண்டு, மிச்சத்தை அறுங்கள். குட்டையாக வெட்டிய குழாயை நீட்ட வழியில்லை.

சமநிலையும் வழுக்கலும்

குழல் மேலும் கீழும் சாய உதவும் பக்கவாட்டு அரைவட்டப் பலகைகளை எங்கே பொருத்துவது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். ஆடி, ஃபோக்கசர், கனமான ஐபீஸ், குறிபார்க்கும் ரெட் டாட் எல்லாம் மாட்டியபின், குழலை ஒரு உருட்டுக்கட்டையின் மேல் கிடத்தி எங்கே சமமாக நிற்கிறதோ, அங்கேதான் அரைவட்டத்தின் மையம்.

அரைவட்டங்கள் பெரிதாக, 450 மி.மீ. விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்போதுதான் அடித்தொட்டியின் முன்பலகையைத் தாழ்வாக வைக்க முடியும். பொதுவான வரைபடங்களில் முன்பலகை உயரமாக இருப்பதால் குழல் 15, 20 பாகைக்குக் கீழே இறங்காமல் முட்டும். மற்றவர்களுக்கு அது பொருட்டில்லை. நமக்கோ மெகல்லன் மேகம் 11 பாகையில் இருக்கிறது. அதனால் குழல் கிடைமட்டம் வரை தாழ வேண்டும் என்று தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரைவட்டத்தின் விளிம்பில் சொரசொரப்பான சன்மைக்கா ஒட்டி, அது டெஃப்லான் துண்டுகளின் மேல் உட்காரும்படி செய்ய வேண்டும். கீழே சுழலும் தட்டுக்கும் இதே ஜோடி. துண்டின் அளவு எடையைப் பொறுத்தது: சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வந்தால் இழுப்பு சரியாக இருக்கும். மேலே சுழலும் எடை 36 கிலோ என்றால், மூன்று துண்டுக்கும் தலா 12 கிலோ, ஆகவே 35 மி.மீ. சதுரம். மூன்றும் மூன்று கால்களுக்கு நேர் மேலே வர வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பான சன்மைக்கா வேண்டாம், அது ஒட்டிக்கொண்டு திடீரென்று நகரும்.

கோள்கள் நடமாடும் பட்டை நம் தலைக்கு மேலாகவே போகிறது. டாப்சோனியனுக்கோ உச்சியில் எதையும் பின்தொடர்வது சிரமம், சின்ன நகர்வுக்கே அடித்தொட்டியை வெகுவாகச் சுற்ற வேண்டியிருக்கும். வியாழன் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி முன்போ பின்போ பாருங்கள். தானே பின்தொடரும் சாய்மேடை செய்யலாமே என்பார்கள். நம் அட்சத்தில் அதன் அச்சு ஏறத்தாழப் படுத்த நிலையில் இருப்பதால், தொலைநோக்கி முழுவதும் படகுபோல் பக்கவாட்டில் உருளும். முதல் கருவிக்கு அது தேவையில்லாத சுமை.

ஆடிகளை நேராக்குதல்

ஒவ்வொரு முறை பூட்டும்போதும் இதைச் செய்ய வேண்டும். ஆடியின் மையத்தில் சிறிய வளைய ஸ்டிக்கர் ஒன்று இருக்கட்டும். ஃபோக்கசரில் நடுத்துளையிட்ட மூடியைப் போட்டுப் பார்த்து, முதலில் துணை ஆடி வட்டமாக நடுவில் தெரிய வேண்டும். பிறகு அதைச் சாய்த்து, முதன்மை ஆடியின் மூன்று கொக்கிகளும் தெரியும்படி செய்யுங்கள். கடைசியாகப் பின்னால் உள்ள மூன்று திருகுகளால், மூடியின் துளை வளைய ஸ்டிக்கருக்குள் வரும்வரை ஆடியைத் திருப்புங்கள். எஃப் 5இல் இதை அலட்சியப்படுத்தினால் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும்.

எங்கே, எப்போது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வாடை அடங்கி, கச்சான் தொடங்காத இடைவெளி. பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்குப் பெரிய மெகல்லன் மேகம் தெற்கே உச்ச உயரத்தில். ஏப்ரல் தொடக்கத்தில் 10 மணிக்கு ஈட்டா கரினே. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு என்றால் ஒமேகா சென்டாரி. 11 பாகையில் ஒளி வரும் காற்றின் அளவு உச்சியைப் போல ஐந்து மடங்கு, ஆகவே கடலுக்கு மேல் புகைமூட்டமில்லாத, மழை பெய்து கழுவிய இரவு வேண்டும்.

தெற்கே கடல் விரிந்திருக்க வேண்டும் என்பதால் மன்னார் வளைகுடாப் பக்கம் போங்கள்: ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது, தெற்கு அடிவானம் நிலத்தின் மேல்தான். தனுஷ்கோடியில் இருட்டு அருமையாக இருக்கும், ஆனால் மாலைக்குமேல் அங்கே தங்க விடுவதில்லை. எல்லைக் கடல் என்பதால் எந்தக் கரையானாலும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள். இரவில் கடலைப் பார்த்தபடி நீளமான ஒரு குழலை நிறுத்தினால் கேள்வி வரும், கேட்பதும் நியாயம்தான். வந்தவர்களுக்கும் ஒரு தடவை பார்க்கக் கொடுங்கள்.

மணலில் கால்கள் புதையும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு துண்டுக் கடப்பைக் கல் வையுங்கள். அலைக்கு அருகே போகவே வேண்டாம், கரையிலிருந்து முந்நூறு நானூறு அடி உள்ளே தள்ளி, காற்றுக்கு மறைவாக ஒரு சுவரோ பனைகளோ இருக்கும் இடம் தேடுங்கள். பகலில் ஆடியை மூடாமல் வெளியே விட்டால், சூரியன் அதில் விழுந்து பெட்டியையே எரித்துவிடும். வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவும் கூடாது.

வைத்துக்காப்பது

வீடு வந்ததும் ஆடியில் பனி பூத்திருந்தால் துடைக்காதீர்கள். மூடாமல் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிவையுங்கள். பைகள் நிறம் மாறினால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும். குழாய்களையும் திருகுகளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

கச்சான் மாதங்களுக்குப் பிறகு ஒருமுறை ஆடியைக் கழுவலாம். முதலில் நல்ல தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த நீரில் ஊறவைத்து, பஞ்சை அழுத்தாமல், அதன் எடையிலேயே இழுக்க வேண்டும். கடைசி அலசலுக்குப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் வடிநீர். சாய்த்து நிறுத்தினால் தானே உலரும். சில ஆண்டுகள் போனால் ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாகப் பூச்சு போவது தெரியும். ஆடியை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகளாகக் காணலாம். அது கொஞ்சமாக இருக்கும்வரை பார்வைக்கு ஒன்றும் ஆகாது. பெருகிவிட்டால் பூச்சுக் கூடத்துக்கே அனுப்பி, பழையதை நீக்கிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கண்ணாடியின் வடிவம் அப்படியே இருக்கும், மறுபடி தேய்க்க வேண்டியதில்லை.